மகள் கூப்பிடுகிறாள்

கல்லூரியில் அவளை எல்லோரும் மைக் என்றே கூப்பிட்டார்கள். வாயைத் திறந்தால் பக்கத்து வகுப்பு வரைக்கும் கேட்கும். அவள் குழந்தையாக இருந்தபோது வந்த ஒரு காய்ச்சல் அம்மாவின் காதைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. ஒரேயடியாகப் போகவில்லை, வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. அது தேயத் தேய மகள் குரலை ஏற்றிக்கொண்டே போனாள். அவள் பெரிய பள்ளிக்குப் போன வருடம் அம்மாவுக்கு ஒட்டுமொத்தமாகக் கேட்காமல் போயிற்று. ஏற்றிய குரல் மட்டும் இறங்காமல் நின்றுவிட்டது.

வீட்டில் இரண்டு பேர்தான். அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருடத்துக்கு ஒருமுறை வருவார், வந்த களைப்பு தீர்வதற்குள் கிளம்பிவிடுவார். அம்மா முன்னறையில் தையல் மெஷின் போட்டு அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைத்தாள். உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வாள். பதில் சொல்லும்போது மட்டும் குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல், அறிவிப்பு வாசிப்பதுபோல வரும். கதவு தட்டினாலும், குழாய் திறந்து கிடந்தாலும், குக்கர் விசில் அடித்தாலும் மகள் ஓடிவந்து தோளைத் தட்டிச் சொல்வாள். அவள்தான் அம்மாவுக்குக் காது.

அந்தக் காது இப்போது ஊரைவிட்டுப் போகப்போகிறது. படிப்பு முடியும் முன்பே அவளுக்கு வேறொரு நகரத்தில் வேலை கிடைத்துவிட்டது. பஸ்ஸில் ஒரு ராத்திரிப் பயணம். செய்தியைச் சொன்னதும் அம்மா சிரித்தாள்.

"போயிட்டு வா. எனக்கென்ன? குக்கரே வெடிச்சாலும் என் தூக்கம் கெடாது."

மகளால் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ள முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரி அறிவிப்புப் பலகையில் அந்தச் சுவரொட்டி வந்தது. மாணவர்களுக்கான ஸ்டார்ட்அப் போட்டி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கையில் ஒரு யோசனையோடு வரவேண்டும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கம்பெனி முதலாளியாக வெளியே போகலாம். விடிய விடிய உட்கார்ந்து வேலை செய்யலாம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். காவலாளி அதைப் படிக்கவில்லை போலிருக்கிறது. எட்டு மணிக்கு எல்லோரையும் வெளியே அனுப்பிக் கேட்டைப் பூட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஒவ்வொருவரும் மேடையேறி ஒரு நிமிடம் பேச வேண்டியிருந்தது. வாடகைக்கு நாய் கொடுக்கும் ஆப், ஒரே நிறச் சட்டைக்காரர்களைச் சேர்த்துவைக்கும் ஆப் என்று என்னென்னவோ வந்தன. மைக்குக்கு மைக் தேவைப்படவில்லை. "எங்கம்மாவுக்குக் காது கேக்காது. நான் அடுத்த மாசம் வேலைக்கு வெளியூர் போறேன். எனக்குப் பதிலா ஒரு காது வேணும்" என்றாள். அவ்வளவுதான். கூட்டம் ஒரு கணம் அமைதியாகிவிட்டுக் கைதட்டியது.

அவளோடு இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருவன் கணினித் துறை மாணவன். வாசல் நிலையில் இடித்து இடித்தே நெற்றியில் தழும்பு விழுந்த நெட்டை. இன்னொருத்தி வணிகவியல். எதிலும் தலையிட்டு எல்லாரையும் வேலை வாங்குவதால் அவளுக்கு மேனேஜர் என்று பெயர். மூன்று பேருமாகத் தங்கள் கம்பெனிக்குக் காது என்று பெயர் வைத்தார்கள். போனில் ஓர் ஆப். சுற்றிக் கேட்கும் சத்தம் என்னவென்று கண்டுபிடித்து, போனை அதிரவைத்து, திரையில் பெரிய எழுத்தில் காட்டும். கதவு தட்டுகிறார்கள். குழாய் ஓடுகிறது. குக்கர் விசில்.

"உங்க வீட்டு சத்தமெல்லாம் வேணும்" என்றான் நெட்டை. "ஒவ்வொண்ணையும் நிறைய தடவை பதிவு பண்ணிட்டு வா. அதைக் கேட்டுத்தான் இது கத்துக்கும். உன் குரலும் வேணும். நீ கூப்பிட்டா அம்மாவுக்குத் தெரியணும்ல?"

அன்று வீட்டுக்குப் போனதும் அவள் கதவைத் தட்டினாள், வாசல் மணியை அடித்தாள், குழாயைத் திறந்து மூடினாள், வெறும் தண்ணீரை வைத்துக் குக்கரைக் கத்தவிட்டாள். கடைசியாகப் பின்னறைக்குப் போய் நின்றுகொண்டாள். அங்கிருந்து பார்த்தால் முன்னறையில் மெஷினுக்கு மேல் குனிந்திருந்த அம்மாவின் முதுகு தெரிந்தது. போனை நீட்டிப் பிடித்து, "அம்மா" என்றாள்.

குரல் சன்னமாக வந்தது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மறுபடி கூப்பிட்டாள். அம்மா திரும்பவில்லை, திரும்ப மாட்டாள் என்று தெரியும். இருந்தாலும் அந்த முதுகைப் பார்த்து மேலும் மேலும் கூப்பிடுவது என்னவோபோல் இருந்தது. கடைசியாக அம்மா என்று வாய்விட்டுக் கூப்பிட்டது எப்போது என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை. தோளைத் தட்டுவாள், விளக்கை அணைத்துப் போடுவாள், கையை ஆட்டுவாள். கூப்பிடுவதை எப்போது விட்டாள்? பதிவு போதும் என்றான பிறகும் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டுவிட்டுத்தான் போனை அணைத்தாள்.

சனிக்கிழமை காலை அந்தப் பதிவுகளையெல்லாம் நெட்டை லேப்டாப்புக்கு ஊட்டினான். அவர்களுக்குக் கொடுத்திருந்த இடம் மாடியில் ஒரு நீளமான ஆய்வுக்கூடம். மேசைக்கு மேசை ஒரு குழு, தரையெங்கும் ஒயர், சுவரெங்கும் ஒட்டுத்தாள். மதியம் ஆவதற்குள் ஆப் தயாராகிவிட்டது. அம்மாவுக்கு லிங்க் அனுப்பினார்கள். அம்மா அதை இறக்கிக்கொண்டு, ஒரு துண்டு நாடாவில் போனைக் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு படம் எடுத்து அனுப்பினாள். கீழே எழுதியிருந்தாள்: "மாடு மணி கட்டின மாதிரி இருக்கு."

அம்மாவின் போனில் பிடிபடும் ஒவ்வொரு சத்தமும் இங்கே லேப்டாப் திரையிலும் வந்து விழும்படி நெட்டை செய்திருந்தான். முதலில் குழாய் ஓடியது. பிறகு குக்கர். மேனேஜர் துள்ளிக் குதித்தாள். கதவு தட்டுகிறார்கள் என்று வந்ததும், உடனே அம்மாவிடமிருந்து செய்தி வந்தது: "தையல் கொடுக்க வந்த பொண்ணு. நானே போய்க் கதவைத் திறந்தேன்! அவ ஆச்சரியப்பட்டுப் போயிட்டா." மைக் அதை இரண்டு தடவை படித்தாள்.

சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு வரி வந்தது.

மகள் கூப்பிடுகிறாள்.

மூவரும் பார்த்தார்கள். மேனேஜர்தான் முதலில் சிரித்தாள். "ஏய், நீ இங்கேயிருந்து பேசறது அங்க வரைக்கும் கேக்குதுடி!"

நெட்டையும் சிரித்தான். ஆரம்பத்தில் இப்படித்தான் தப்பும் தவறுமாக இருக்கும், நாற்காலி கிறீச்சிட்டால்கூடக் குழம்பும் என்றான். அவன் சொல்லி முடிப்பதற்குள் மறுபடி வந்தது. மகள் கூப்பிடுகிறாள். கொஞ்சம் விட்டு மறுபடி. மகள் கூப்பிடுகிறாள். ஒவ்வொரு கணிப்புக்கும் ஆப் எவ்வளவு நிச்சயமாக இருக்கிறது என்று ஓரத்தில் ஒரு பட்டை காட்டும். கதவுக்கும் குழாய்க்கும் பாதிக்கு மேல் போய் நின்ற பட்டை, இதற்கு முழுக்க நிரம்பியிருந்தது.

அம்மாவிடமிருந்து செய்தி வந்தது.

"வந்துட்டியா? எங்க இருக்கே? பின் ரூம்ல பார்த்தேன், காணோம்."

"நான் காலேஜ்லதான் இருக்கேன்மா. ஆப் தப்பாக் காட்டுது" என்று எழுதினாள். பதில் வரவில்லை.

அம்மாவின் போனிலிருந்து வந்து சேர்ந்திருந்த அந்த நேரத்துப் பதிவை நெட்டை எடுத்து ஒலிக்கவிட்டான். மின்விசிறி சுற்றுகிறது. தையல் மெஷின் கொஞ்சம் ஓடி நிற்கிறது. வேறு எதுவுமே இல்லை. அதே பதிவை ஆப்புக்குத் திரும்பவும் போட்டுக் காட்டினான். மெஷின் நின்ற இடத்தில் ஆப் நிதானமாகச் சொல்லியது: மகள் கூப்பிடுகிறாள். மூன்று பேரும் ஹெட்போனை மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு கேட்டார்கள். விசிறிதான்.

"மெஷின் நிக்கறப்போல்லாம் வருது" என்றான் நெட்டை. இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

ஒவ்வொரு குழுவுக்கும் யோசனை சொல்வதற்காக வெளியிலிருந்து சிலர் வந்திருந்தார்கள். இவர்கள் மேசைக்கு வந்தவர் ஆஸ்பத்திரிக் கருவிகள் தயாரிக்கும் கம்பெனி நடத்துகிறவர். ஐம்பது வயதிருக்கும், எல்லாவற்றையும் பாதியில் புரிந்துகொண்டு மீதியைத் தானே சொல்லிவிடுகிறவர். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கையை வீசினார்.

"மேகத்துல முகம் தெரியற மாதிரிதான் இதுவும். விசிறி சத்தத்துல ஏதோ ஒண்ணு இந்தப் பொண்ணு குரல் மாதிரி இருக்கும். குடுங்க, நான் கேக்கறேன்."

ஹெட்போனை மாட்டிக்கொண்டார். நெட்டை பதிவை ஓடவிட்டான். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த ஆள் போய்விட்டமாதிரி இருந்தது. பதிவு முடிந்தும் ஹெட்போனைக் கழற்றவில்லை. பிறகு மெதுவாகக் கழற்றி, மேசைமேல் வைக்காமல் நெட்டையின் கையில் கொடுத்தார்.

"என்ன சார், ஏதாவது கேட்டுச்சா?" என்றாள் மேனேஜர்.

"ஒண்ணும் இல்ல. விசிறிதான்" என்றார். போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். கண்ணாடி வழியாக, அவர் யாருக்கோ போன் போட்டுப் போட்டுப் பார்ப்பது தெரிந்தது. அன்று முழுவதும் அவர் இவர்கள் மேசைப் பக்கம் வரவில்லை.

சாயங்காலம் மைக் வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. தன்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்தாள். முன்னறையில் ஏதோ மாறியிருந்தது. ஜன்னலைப் பார்த்து இருந்த தையல் மெஷினை அம்மா தன்னந்தனியாக இழுத்துத் திருப்பிப் போட்டிருந்தாள். இப்போது அது பின்னறைக் கதவைப் பார்த்து இருந்தது.

அவள் விளக்கை அணைத்துப் போட்டாள். அம்மா திரும்பினாள். முகம் மலர்ந்திருந்தது.

"நாள் பூராக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தே."

"அது நான் இல்லம்மா. ஆப் கோளாறு. நான் காலேஜ்ல இருந்தேன்."

"தெரியும்" என்றாள் அம்மா. கழுத்தில் தொங்கிய போனைத் தடவிக்கொண்டாள். "இருந்தாலும் நல்லா இருந்துச்சு. நீ என்னைக் கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆச்சு? வருவே, தோளைத் தட்டுவே, லைட்டை அணைப்பே. ஆஸ்பத்திரியில நர்ஸ் எழுப்பற மாதிரி. அம்மான்னு ஒரு வார்த்தை உன் உதட்டுல பார்த்தே ரொம்ப நாளாச்சு."

"கூப்பிட்டா உனக்குக் கேக்காதேம்மா."

"கேக்காதுதான்" என்றாள் அம்மா, அது ஒரு காரணமே இல்லை என்பதுபோல.

சாப்பிடும்போது அம்மாவின் கழுத்தில் போன் அதிர்ந்தது. மகள் எதிரே உட்கார்ந்து சோற்றை மென்றுகொண்டிருந்தாள். வாய் நிறையச் சோறு. அம்மா போனைப் பார்த்தாள், மகளின் மூடிய வாயைப் பார்த்தாள், பிறகு பின்னறைப் பக்கம் திரும்பி, "இதோ, சாப்பிட்டு வரேன்" என்றாள். மகள் தட்டைத் தள்ளி வைத்தாள். எழுந்துபோய்ப் பின்னறை விளக்கைப் போட்டாள். கட்டில், அலமாரி, மடித்து வைத்த துணி. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. விளக்கை அணைக்காமல் கதவை மட்டும் சாத்திவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் கேட்டுக்கொண்டபடி, நெட்டை அந்தச் சத்தத்தையே ஆப்பிலிருந்து தூக்கிவிட்டான். மகளின் குரலும் இல்லை, மகள் என்ற சொல்லும் இல்லை. கதவு, மணி, குழாய், குக்கர் மட்டும். அம்மாவின் போனிலும் புது ஆப்பை ஏற்றினார்கள். அம்மா போட்டிக்கு வந்திருந்தாள். மேடையில் ஆப்பைக் காட்டப்போவது அவள்தான். நல்ல உடுப்பு உடுத்தி, வேறு புது நாடாவில் போனைக் கோத்திருந்தாள். காலையிலிருந்து போன் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எடுத்துட்டியா?" என்றாள்.

"தப்பாக் காட்டுச்சும்மா. எல்லார் முன்னாடியும் மானம் போயிடும்."

அம்மா கோபித்துக்கொண்ட குழந்தைபோல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் அரங்கில் கூட்டம். முன்வரிசையில் நடுவர்கள், பின்னால் மாணவர்கள், கடைசி வரிசைகள் காலி. மேடையில் இருந்த பெரிய திரையில் அம்மாவின் போன் அப்படியே தெரியும்படி செய்திருந்தார்கள். மேனேஜர் பேச்சில் வெளுத்து வாங்கினாள். அம்மா கூட்டத்தைப் பார்த்து நிற்க, அவளுக்குப் பின்னால் மைக் ஒரு மரப்பலகையைத் தட்டினாள். திரையில் கதவு தட்டுகிறார்கள் என்று வந்தது. அம்மா திரும்பிப் பார்த்துத் தலையாட்டினாள். மைக் மணியை அடித்தாள், அதுவும் சரியாக வந்தது. கைதட்டல்.

அப்போது திரை முழுக்க எழுத்து நிறைந்தது.

மகள் கூப்பிடுகிறாள்.

மேடையின் ஓரத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த நெட்டை எழுந்துவிட்டான். இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினான். அந்தச் சொல்லே இப்போது ஆப்பில் கிடையாது. கூட்டத்துக்கு அது எப்படித் தெரியும்? இதுதான் உச்சக்கட்டம் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

அம்மா போனைப் பார்த்தாள். முகம் விரிந்தது. நிமிர்ந்தாள். ஒரு கை தூரத்தில் நின்ற மகளை அவள் பார்க்கவில்லை. அரங்கின் கடைசியை, காலி வரிசைகளைப் பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள். பிறகு மேடைப் படியில் இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே இருந்த பாதையில் நடக்கத் தொடங்கினாள். பக்கவாட்டில் யாரையும் பார்க்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கும் பிள்ளையை எதிர்கொள்ளப் போகிறவளைப்போல நடையில் ஒரு வேகம் இருந்தது.

"அம்மா!"

அவள் கத்திய கத்தில் அரங்கு முழுக்க அடங்கிவிட்டது. அம்மா திரும்பவில்லை. மகள் பெரிய திரையைப் பார்த்தாள். அவளுடைய உண்மையான குரலுக்கு அது ஒன்றுமே காட்டவில்லை. வெள்ளையாகக் கிடந்தது. இன்னொரு தடவை கத்தினாள். அப்போதும் வெள்ளை. பிறகு, அவள் மூச்சுவாங்கி வாயை மூடிக்கொண்ட கணத்தில், மறுபடி வந்தது. மகள் கூப்பிடுகிறாள்.

அவள் மேடையிலிருந்து குதித்து ஓடி, கடைசி வரிசைக்கு முன்னால் அம்மாவின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். அம்மா திடுக்கிட்டு அவளைப் பார்த்தாள். பிறகு காலி நாற்காலிகளைப் பார்த்தாள். மறுபடி அவளைப் பார்த்தாள்.

"இங்கதானே நின்னே?" என்றாள் குழப்பமாக.

முதல் பரிசு அவர்களுக்குத்தான். கடைசிக் காட்சி கண்ணில் நீரை வரவழைத்துவிட்டது என்று ஒரு நடுவர் சொன்னார். கல்லூரி வளாகத்திலேயே ஒரு அறை, ஒரு வருடத்துக்கு, கம்பெனியை வளர்த்துக்கொள்ள. மேனேஜர் ஆனந்தத்தில் மிதந்தாள். நெட்டை கோப்பையைத் தொடவே இல்லை. ஆய்வுக்கூடத்துக்குப் போய், லேப்டாப்பில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு வந்தான். மேனேஜர் அவனைக் கிழிகிழியென்று கிழித்தாள்.

"பைத்தியமாடா உனக்கு? பரிசு வாங்கின கையோட எவனாவது கடையை மூடுவானா?"

"நீ வேணா நடத்திக்கோ. அது நான் எழுதினது இல்ல" என்றான் நெட்டை. "நான் எழுதினதுக்கு என்ன செய்யத் தெரியும்னு எனக்குத் தெரியும்."

அறை இரண்டாவது வந்த குழுவுக்குப் போயிற்று.

வெளியே வரும்போது, ஆஸ்பத்திரிக் கருவிக் கம்பெனிக்காரர் தன் காரில் சாய்ந்து நின்றிருந்தார். மைக் நேராக அவரிடம் போனாள்.

"சார், நேத்து ஹெட்போன்ல உங்களுக்கு என்ன கேட்டுச்சு?"

அவர் கையிலிருந்த கார்ச் சாவியைப் பார்த்தார். "என் பொண்ணு" என்றார். "என்னை அப்பான்னு கூப்பிட்டா. அவ வெளிநாட்டுல இருக்கா. சண்டை போட்டுக்கிட்டுப் போனவ, என்கிட்டப் பேசியே ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. அவளுக்கு என்னவோ ஆயிடுச்சுன்னு பயந்து போன் போட்டேன். நல்லாத்தான் இருக்கா. 'என்ன வேணும்?'னு கேட்டுட்டு வெச்சுட்டா." கார்க் கதவைத் திறந்தவர், திரும்பி, "அந்தப் பதிவு இன்னும் இருக்கா?" என்று கேட்டார். அழித்துவிட்டோம் என்றதும் தலையாட்டினார். அவருக்கு அது நிம்மதியா ஏமாற்றமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அம்மாவின் போனிலிருந்தும் ஆப்பை நீக்கியாயிற்று. அடுத்த மாதம் மகள் வேலைக்குப் போனாள். கதவு மணிக்கு எரியும் ஒரு விளக்கை வாங்கி மாட்டிவிட்டுப் போனாள். வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரம்மாவிடமும் சொல்லிவைத்தாள். தினமும் வேலை முடிந்ததும் வீடியோவில் பேசுவார்கள். அம்மா உதட்டைப் பார்க்க வசதியாக அவள் முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தி நிறுத்திப் பேசுவாள்.

ஒரு வாரம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒருநாள், பேச்சின் நடுவே அம்மாவின் கண் திரையை விட்டு விலகியது.

"இரு, கூப்பிடுறா" என்றாள் அம்மா.

"யாரு? பக்கத்து வீட்டம்மாவா?"

அம்மா எழுந்து போய்விட்டாள். திரையில் காலி நாற்காலி தெரிந்தது. அம்மாவின் ஏற்ற இறக்கமில்லாத குரல் உள்ளேயிருந்து கேட்டது. யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, "ம், சொல்லு" என்றாள்.

"அம்மா, யார் கூப்பிட்டா?"

"நீதான்" என்றாள் அம்மா. பிறகு, கணக்கில் தப்புச் செய்துவிட்டவளைப்போல் நாக்கைக் கடித்துக்கொண்டு, "அவதான்" என்றாள்.

அந்த வாரக் கடைசியில் மகள் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறினாள். காலையில் வந்து இறங்கி, மாடிப்படி ஏறி, வீட்டு வாசலில் பையோடு நின்றாள். உள்ளே அம்மா பேசிக்கொண்டிருந்தாள். தையல் கொடுத்துவிட்டுப் போன ஒருத்தியைப் பற்றி, அவள் அளவு எடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பிறகு உடை இறுக்குகிறது என்று சண்டைக்கு வந்ததைப் பற்றி. நடுவில் நிறுத்தினாள். கேட்கிறவளைப்போல ஓர் இடைவெளி. பிறகு, "அதைத்தான் நானும் சொன்னேன்!" என்று சிரித்தாள். அப்படிப்பட்ட சிரிப்பை மகள் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

அவள் மணியை அடிக்கக் கையைத் தூக்கினாள். அடிப்பதற்குள் கதவு திறந்தது.

"வா வா" என்றாள் அம்மா. கழுத்தில் போன் இல்லை. "நீ வந்து நிக்கறேன்னு அவ சொன்னா."

மகள் உள்ளே வந்தாள். பையைக் கீழே வைக்கவில்லை. தையல் மெஷின் இன்னும் பின்னறையைப் பார்த்துத்தான் இருந்தது. கதவு திறந்திருந்தது. கட்டிலின் ஓரத்தில் விரிப்பு லேசாகக் கசங்கியிருந்தது. அம்மா அங்கே உட்கார்ந்திருக்கலாம்.

"இப்ப என்ன சொல்றாம்மா?" என்று கேட்டாள். உதடு நடுங்கியதால் அம்மாவுக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டாள்.

அம்மா பின்னறையைப் பார்த்தாள். ரொம்பநேரம் பார்த்தாள். "ஒண்ணும் சொல்லல. நீ பேசினா அவ பேச மாட்டா" என்றாள்.

அன்று மகள் வாயை மூடவில்லை. வேலை, விடுதி, விடுதிச் சாப்பாடு, மேலதிகாரியின் இருமல் என்று கிடைத்ததையெல்லாம் பேசினாள். பேச ஒன்றும் இல்லாமல் போனபோது அம்மா அம்மா என்று சும்மா கூப்பிட்டாள். அம்மா அவள் உதட்டைப் பார்த்து, "என்னடி, சொல்லு" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு நேரமாயிற்று. குனிந்து செருப்பை மாட்டினாள். குனிந்ததில் பேச்சு நின்றது. நிமிர்ந்து பார்த்தபோது அம்மாவின் முகம் பின்னறைப் பக்கம் திரும்பியிருந்தது.

அவள் செருப்பைக் கழற்றினாள். அந்த பஸ்ஸில் போகவில்லை. அடுத்ததிலும் போகவில்லை. இப்போது ஊரிலேயே ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் தொலைபேசியில் பேசும் வேலை. நாள் முழுக்கத் தொண்டை வற்றப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து மறுபடி பேசுகிறாள். தோளைத் தட்டுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் வாய்விட்டு அம்மா என்று கூப்பிடுகிறாள். நெட்டை அவ்வப்போது வீட்டுக்கு வருவான்; வந்தால் முன்னறையிலேயே உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவான்.

அம்மா இப்போதெல்லாம் பின்னறையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மட்டும், வெகுநாளாக வராத உறவுக்காரரைப் பற்றி விசாரிப்பதுபோலச் சொன்னாள்.

"பாவம், அவ வர்றதே இல்ல இப்ப. நாம ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருந்தா, அவ எங்க போவா?"